குரங்கணி நடை, கொல்லிமலை சைக்கிள், கொழுக்குமலை கூடாரம்: இறங்கும்போது எது எப்படி?

மலைக்குப் போவோம் என்று முடிவானதும் எங்கள் கூட்டத்தில் மூன்று கட்சி முளைத்துவிடும். நடக்க ஆசைப்படுகிறவர்கள் போடிக்கு மேலே குரங்கணியைக் கைகாட்டுவார்கள். கூடாரத்தில் தூங்கி எழ வேண்டும் என்பவர்களுக்குக் கொழுக்குமலை. சைக்கிள்காரர்களுக்குக் கேட்கவே வேண்டாம், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள்தான். மூன்றையும் செய்து பார்த்தவன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வரும். "ஏறிவிடுவேனா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம், அவ்வளவுதான் விஷயம். ஆளைப் போட்டுப் பார்ப்பது இறக்கம். அதனால் என் கணக்கு உச்சியிலிருந்து கீழ்நோக்கித்தான் போகும்.

முதலில் நடை. பல வருடங்களுக்கு முன்பு டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு இறங்கியிருக்கிறேன். மேலே இருக்கும் டாப் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வந்ததே ஓர் இறக்கத்தால்தான். மூணாறுப் பக்கத்துத் தேயிலைப் பெட்டிகள் இங்கே வந்து, கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடியில் இருந்த பாட்டம் ஸ்டேஷனுக்கு இறங்கும். அங்கிருந்து போடிக்கு வண்டி. மேலே பெட்டிகளைக் கொண்டுவர 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள், 1908இல் சின்ன ரயில் வந்தது, 1924 பெருவெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. பெட்டிகள் ஆடி அசைந்து சொகுசாக இறங்கிய அதே சரிவில் நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

முதல் ஒரு மணி நேரம் தெரியாது. அப்புறம் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை உடல் எடையைத் தாங்கிப் பிரேக் போடுகிறது. பாதம் ஷூவுக்குள் முன்னால் சறுக்கிக் கட்டைவிரல் நகம் இடிபடுகிறது. எனக்கு இரண்டு நகங்கள் கறுத்து, மாதக் கணக்கில் கழித்து விழுந்தன. நகத்தை வெட்டிக்கொண்டு, கணுக்காலோடு லேஸை இறுக்கிக் கட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம். வலி அன்று இரவு பெரிதாக இருக்காது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சம், மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்க வேண்டிவரும். ஆனால் பூச்சி, புல், ஓடை, பாதை ஓரத்துச் சாணம் என்று எல்லாவற்றையும் நின்று பார்க்க முடிவது நடையில் மட்டும்தான்.

குரங்கணி என்றால் 2018 மார்ச் 11ஐச் சொல்லாமல் நகர முடியாது. அன்று காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே ஆளுயரப் புல் கோடையில் சருகாகக் காய்ந்து நிற்கும். சரிவில் தீ மேல்நோக்கி மிக வேகமாக ஓடும், ஏனென்றால் சுவாலை மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது. மனிதக் கால் அதை முந்தாது. அதனால் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார், அனுமதியெல்லாம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பயணமே வேண்டாம். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் பதிவோடு திறந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியும் கூடவே வருவார். குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதை அதில் ஒன்று. தீக் காலத்தில் பாதைகளை மூடுவார்கள், அதைக் குறை சொல்லாதீர்கள்.

சைக்கிளுக்கு வருவோம். காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்தால் ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். 15 வரை உற்சாகமாக எண்ணுவோம், 40க்கு மேல் பலகையைப் பார்க்கவே பிடிக்காது. வளைவின் உள்பக்கம் சட்டென்று செங்குத்தாகும். எதிரே வண்டி வரவில்லை என்றால் கொஞ்சம் அகலமாக எடுத்துத் திரும்பினால் கால் பிழைக்கும். நடுவில் நின்று வாழைப்பழம் உரிக்க நினைத்தால் குரங்குகளுக்கும் பங்கு உண்டு. லேசான கியர் இருந்தால், சமதளத்தில் தொடர்ந்து பழகியவர் யாரும் மலைமேல் இருக்கும் சோளக்காடு போய்ச் சேரலாம்.

பயமெல்லாம் இறங்கும்போதுதான். நான் ரிம் பிரேக் வண்டியில், அதாவது சக்கரத்தின் உலோக வளையத்தை (ரிம்) கட்டை அழுத்திப் பிடிக்கும் வகையில், இறங்கினேன், பிரேக்கை விடாமல் பிடித்தபடியே. முப்பது வளைவு தாண்டி நிறுத்தி ரிம்மைத் தொட்டேன், தோசைக்கல். உள்ளே டியூப் வெடித்திருந்தால் பக்கத்தில் பள்ளம். அன்றைக்குக் கற்றுக்கொண்டது இதுதான்: வளைவுக்கு முன்பே நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விட்டுவிட வேண்டும். முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடித்தால் ரிம் ஆற நேரம் கிடைக்கும். டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு, விரல் மரத்துப்போவது அவர்களுக்கும் உண்டு. ஏறும்போது வியர்வையில் நனைந்த சட்டை இறங்கும்போது பனிக்கட்டி மாதிரி ஒட்டும், மெல்லிய ஜாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும். பஸ் வளைவில் சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஹாரன் கேட்டதும் நின்றுவிடுவது மானக்கேடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை பைக் கூட்டம் அதிகம், வார நாளில் விடியற்காலையில் போங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் சொல்கிறேன், முழு நாள் உழைத்து ஏறிய மலை அரை மணி, முக்கால் மணி நேரத்தில் காதோரம் காற்றாக ஓடிவிடும் அந்தச் சுகம் வேறு எதிலும் இல்லை.

கூடாரத்துக்குச் சுருக்கமாகவே சொல்ல முடியும். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான். மேகக்கடலுக்கு மேலே சூரியன் வருவதைப் பார்க்கும்போது பேச்சு நின்றுபோகும், அதை மறுக்கவில்லை. ஆனால் காட்டில் தங்கினேன் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. வரிசையாகக் கூடாரம், அருகிலேயே ஸ்பீக்கர், படம் எடுக்க வரிசை. எங்களுக்குக் கிடைத்த கூடாரத்தில் காற்றுப் போகும் வழியை அடைத்து வைத்திருந்தார்கள். எங்கள் மூச்சே நீராகி விடியும்வரை முகத்தில் சொட்டியது. தரையிலிருந்து ஏறும் குளிருக்கு நல்ல பாய்தான் மருந்து, அது இல்லாமல் எத்தனை போர்வை போர்த்தினாலும் நடுங்குவீர்கள். இறக்கம்? ஜீப்பின் பின்சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலை கூரையில் இடிபட. முட்டி பிழைத்தது, இடுப்பு போனது.

சின்னப் பிள்ளைகளோ வயதான அப்பா அம்மாவோ கூட வந்தால் நானும் கொழுக்குமலைதான் சொல்வேன். முதல்முறை மலைக்குப் போகிறவருக்கு வழிகாட்டியோடு நடை. முட்டி ஏற்கெனவே தகராறு என்றால் சைக்கிளே மேல், பாரம் வண்டியில் போய்விடுகிறது. ஆனால் சைக்கிளை எடுத்துப் பல மாதம் ஆனவர் நேராகக் காரவள்ளிக்கு வர வேண்டாம், 20 வளைவுள்ள ஏற்காட்டில் முதலில் பிரேக்கைச் சோதித்துக்கொள்ளட்டும்.

டிசம்பருக்கு எங்கள் கூட்டத்தில் கொல்லிமலை என்று முடிவாகியிருக்கிறது. கூடாரக் கட்சிக்காரர் கோபத்தில் காரில் வருகிறார், பையெல்லாம் அவர் வண்டியில். நான் பிரேக் கட்டைகளை மாற்றிவிட்டேன், சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வாங்க வீட்டில் பட்டியலும் வந்துவிட்டது.