முப்பத்தைந்து மார்க்கும் முப்பத்தைந்து கிலோவும்: வேலூர் ரேஷன் கடை, ஒரு மதிப்பீடு

"தொண்ணூறு எடுத்தவன் மார்க்கைப் பிடுங்கி இருபது எடுத்தவனுக்குக் கொடுத்தால் எவன் படிப்பான்?" இலவச அரிசி பற்றிப் பேச்சு வந்தாலே இந்தக் கேள்வியும் கூட வந்துவிடும். ஒரு வாத்தியார் வகுப்பில் எல்லோருக்கும் சராசரி மார்க் போட்டாராம். நன்றாகப் படித்தவன் அலுத்துப்போய் விட்டுவிட்டான். படிக்காதவன் எப்போதும்போலச் சும்மா இருந்தான். கடைசிப் பரீட்சையில் வகுப்பே ஃபெயில். இருக்கிறவரிடம் வரி வாங்கி இல்லாதவருக்குக் கொடுக்கும் நாட்டுக்கும் இதே கதிதான் என்று கதை முடியும். தமிழ்நாட்டில் அந்தப் பகிர்வைக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய இடம் ரேஷன் கடை. அதனால் வேலூர் மாவட்டத்து ரேஷன் சேவையை மதிப்பிடும்போதே, இந்த மார்க் ஒப்புமையையும் அதே தராசில் ஏற்றிப் பார்க்கிறோம்.

முதலில், என்ன கிடைக்கிறது? ஸ்மார்ட் அட்டையில் ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். பி.எச்.எச் என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு ஏ.ஏ.ஒய் என்று சேர்ந்திருந்தால் அந்தியோதயா, அதாவது மிக ஏழைக் குடும்பங்களுக்கான அட்டை. என்.பி.எச்.எச் என்றால் முன்னுரிமை இல்லாவிட்டாலும் அரிசி உண்டு. கடைசியில் எஸ் இருந்தால் அரிசி கிடையாது, மற்றவை உண்டு. அதைத்தான் சர்க்கரை அட்டை என்கிறோம். என்.சி இருந்தால் எந்தப் பொருளும் கிடையாது. அந்தியோதயாவுக்கு மாதம் 35 கிலோ அரிசி. என்.பி.எச்.எச் அட்டைக்கு ஆள் கணக்கைப் பொறுத்து, அதிகபட்சம் 20 கிலோ. முன்னுரிமைக் குடும்பத்தில் நான்கு பேருக்கு மேல் இருந்தால் தலைக்கு 5 கிலோ. 2011 ஜூன் முதல் அரிசிக்குக் காசில்லை.

நான்கு பேர் உள்ள ஒரு என்.பி.எச்.எச் வீட்டின் பில்லைப் பாருங்கள். அரிசி 20 கிலோ, விலை இல்லை. சர்க்கரை தலைக்கு அரை கிலோ வீதம் 2 கிலோ, 50 ரூபாய். துவரம்பருப்பு 1 கிலோ, 30 ரூபாய். பாமாயில் 1 லிட்டர், 25 ரூபாய். மொத்தம் 105 ரூபாய். வெளிக்கடையில் ஒரு கிலோ நல்ல துவரம்பருப்புக்கே இந்தப் பணம் போய்விடும்.

இப்போது மார்க் கதைக்கு வருவோம். 50 பேர் வகுப்பு, சராசரி 62 என்று வையுங்கள். கதைப்படி 95 எடுத்தவன் 33 மார்க்கை இழந்து 62-க்கு இறங்குகிறான். 20 எடுத்தவன் ஏறி அவன் தோளோடு தோள் நிற்கிறான். வரியில் நடப்பது இதுவா? 2025-26 புதிய வரிமுறையில், வரிக்குரிய வருமானம் 25 லட்சம் உள்ளவருக்கு முதல் 4 லட்சத்துக்கு வரியில்லை. அடுத்த ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம். 24 லட்சத்துக்கு மேல் உள்ள ஒரு லட்சத்துக்கு 30. கூட்டினால் 3,30,000; 4 சதவீத செஸ் சேர்த்து 3,43,200 ரூபாய். அவர் கையில் 21,56,800 ரூபாய் மிஞ்சுகிறது. மறுபக்கம், 20 கிலோ அரிசி வாங்குகிறவர் வருமானம் 21 லட்சமாக ஏறிவிடுவதில்லை. அவர் வீட்டில் உலை கொதிக்கிறது, அவ்வளவுதான். முதல் மாணவனும் கடைசி மாணவனும் ஒரே இடத்துக்கு வருவது கதையில் மட்டுமே உண்டு.

வரி கட்டுகிறவர், வாங்குகிறவர் என்று ஊரை இரண்டாகப் பிரிப்பதும் தப்பு. அரிசி வாங்குகிறவர் 299 ரூபாய்க்கு செல்போன் ரீசார்ஜ் செய்தால் அதில் 45 ரூபாய் 61 காசு ஜி.எஸ்.டி. பங்குக் கூடையில் அவர் காசும் கிடக்கிறது.

அதைவிட ஆழமான கோளாறு ஒன்று உண்டு. மார்க் என்பது காய்ச்சல் பார்க்கும் கருவி காட்டும் எண் மாதிரி. உங்கள் 101 டிகிரியிலிருந்து ஒன்றை எடுத்து எனக்குக் கொடுக்க முடியாது. கொடுத்ததாக எழுதி வைத்தால் இரண்டு பேர் கணக்கும் பொய்யாகிவிடும். அரிசி அப்படியில்லை. இந்தச் சாக்கிலிருந்து அந்தப் பைக்குப் போனாலும் அது அரிசிதான், பசி ஆறும். மார்க்கை யாரும் பிள்ளைக்கு எழுதி வைப்பதும் இல்லை. அம்மா பத்தாவதில் 490 எடுத்திருந்தாலும் மகள் புதிதாக உட்கார்ந்து பரீட்சை எழுதித்தான் ஆக வேண்டும். காந்தி ரோட்டில் தாத்தா வாங்கிப் போட்ட கட்டடம் அப்படியா? பேரன் ஒரு பரீட்சையும் எழுதாமலேயே மாதா மாதம் வாடகை வரும், ஆண்டுக்கு ஆண்டு ஏறவும் செய்யும்.

மார்க்கும் வெறும் உழைப்புக் கணக்கு என்று நம்புவதற்கில்லை. 2024 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம், வேலூர் மாவட்டம் 82.07. 2025-இல் மாநிலம் 93.80, வேலூர் 85.44. இரண்டு முறையும் கடைசி இடம் நமக்குத்தான். பாடப்புத்தகம் ஒன்று, கேள்வித்தாள் ஒன்று. பள்ளிகொண்டா தாண்டியதும் பிள்ளைகளின் மூளை மாறிவிடுமா? பீடி சுற்றும் வீட்டில் சாயங்காலம் பிள்ளையும் இலை வெட்டக் கை கொடுத்தால், அந்த ஒரு மணி நேரம் படிப்பிலிருந்து போகிறது. மார்க்கில் வீட்டின் வரவு செலவும் கலந்திருக்கிறது. எனவே பள்ளியிலிருந்து ஒப்புமை எடுத்தே ஆக வேண்டுமென்றால் சத்துணவு முட்டையை எடுங்கள். முட்டை எல்லோர் தட்டிலும் விழுகிறது, பரீட்சையை அவரவர் எழுதுகிறார்கள். முட்டை கிடைக்கிறது என்பதற்காக எந்தப் பிள்ளையும் கணக்கு போடுவதை நிறுத்தியதில்லை.

ஒப்புமைக்கு எங்கள் மதிப்பீடு ஐந்தில் ஒன்று. அந்த ஒன்றையும் மனதாரத் தருகிறோம், ஏனென்றால் அதன் அடியில் இருக்கும் பயம் நியாயமானது. எல்லாவற்றையும் சமமாக்கினால் முயற்சி குறையும் என்பது உண்மை. கொரோனா காலத்து ஆல் பாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் பத்தாம் வகுப்பில் எல்லோரும் தேர்ச்சி. ஆனால் எல்லோருக்கும் ஒரே மார்க் போடவில்லை. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு 80 சதவீதம், வருகைப்பதிவுக்கு 20 சதவீதம் என்று பிரித்துத்தான் போட்டார்கள். யாரும் கீழே விழாமல் ஒரு தரை போட்டார்கள், மேலே கூரையைத் தாழ்த்தவில்லை. ரேஷனும் அப்படி ஒரு தரைதான்.

தரை எல்லா இடத்திலும் மட்டமாக இருக்கிறதா என்றால், இல்லை. சேவையின் முதல் பெரிய குறை இங்கேதான். 34 எடுத்தவன் ஃபெயில், 35 எடுத்தவன் பாஸ் என்ற அதே கோடு அட்டையிலும் ஓடுகிறது. அந்தியோதயா அட்டையில் இரண்டே பேர் இருந்தாலும் 35 கிலோ. முன்னுரிமை அட்டையில் 35 கிலோ வேண்டுமென்றால் வீட்டில் ஏழு பேர் இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே கூலி வேலை; ஒருவருக்குத் தலைக்குப் பதினேழரை கிலோ, மற்றவருக்கு 5 கிலோ. இது மாற வேண்டும்.

இரண்டாவது குறை கைரேகை. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றுகிறவர்களும் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களும் நிறைய. பீடிக்காரர் விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகள் வழவழவென்று இருக்கும். இலையை உருட்டி, முனையை மடக்கி அழுத்தி, ஆயிரம் ஆயிரமாகச் செய்ததில் ரேகை மேடு தேய்ந்துபோயிருக்கும். இயந்திரம் தேடுவதோ அந்த மேட்டைத்தான். இலவச அரிசி சோம்பேறிக்குப் போகிறது என்பவர்கள் இதை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். வேலை செய்து தேய்ந்த விரல்தான் இங்கே திரும்பத் திரும்ப ஃபெயில் ஆகிறது.

இதற்குச் செய்ய வேண்டியது: கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள். கருவியின் கண்ணாடியில் முந்தின ஆளின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடைக்கச் சொல்லுங்கள். விரல் ரொம்ப வறண்டிருந்தால் நெற்றியில் ஒருமுறை தேய்த்தால் போதும். நுனியை வைக்காமல் முதல் கணுவின் சதைப்பகுதியைத் தட்டையாக வைத்து இரண்டு மூன்று விநாடி அசையாமல் பிடியுங்கள். கட்டைவிரல் எடுபடவில்லை என்றால் அதையே பத்து முறை அழுத்தாமல், குறைவாகத் தேயும் மோதிர விரலையோ சுண்டு விரலையோ வையுங்கள். அதுவும் ஆகாவிட்டால் கருவிழிக் கருவியைக் கேளுங்கள். ஆதாரில் பயோமெட்ரிக் பூட்டுப் போட்டிருந்தால் எந்த விரலும் ஏறாது. முதலில் பூட்டைத் திறக்க வேண்டும். மாதா மாதம் தொல்லை என்றால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதிதாகப் பதிவது நல்லது.

மூன்றாவது எடை. கிடங்கிலிருந்து வரும் 50 கிலோ சாக்கிலேயே சில சமயம் குறைவு. சாக்கு ஓட்டையில் சிந்துவது, எலி தின்பது தனி. அந்த நட்டம் விற்பனையாளர் தலையில் விழ, அவர் அதை நம் பையில் ஈடுகட்டப் பார்க்கிறார். மின்னணுத் தராசை பில் கருவியோடு புளூடூத்தில் இணைத்த கடைகளில் இந்தத் தில்லுமுல்லு கடினம். ஆனால் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக வைத்து எடை ஏறக் காத்திருக்க வேண்டியிருப்பதால் வரிசை நகராது. எந்தக் கடையானாலும், காலிப் பாத்திரத்தோடு தராசு 0.000 காட்டிய பிறகு பொருளைப் போடச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு வைக்கும் தகர டப்பாவில்தான் பெரும்பாலும் நூறு, இருநூறு கிராம் போகும்.

அரிசியின் தரம் முன்னைவிட மேல், ஆனால் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. செறிவூட்டிய அரிசி நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்து வருவதுண்டு. அரிசிமாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி உருவில் வார்த்த மணிகள் அவை. நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், களையும்போது சில மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; தயவுசெய்து எறியாதீர்கள், மிதப்பதைக் கழுநீரோடு கொட்டிவிடாதீர்கள்.

காட்பாடி வழியாக ரயிலில் ஆந்திராவுக்குப் போகும் ரேஷன் அரிசி பிடிபடும் செய்தி ஓயாமல் வருகிறது. வாங்காத பொருளுக்குப் பில் போட்ட குறுஞ்செய்தி உங்கள் போனுக்கு வந்தால், உங்கள் பங்கும் அந்த மூட்டையில் போயிருக்கலாம். அன்றே 1967-க்கோ 1800 425 5901-க்கோ சொல்லுங்கள்.

கடைக்கு எங்கள் மதிப்பீடு ஐந்தில் மூன்றரை. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள் வீடு தேடி வருவதற்காக அந்த அரையைக் கூட்டியிருக்கிறோம். ஊரை விட்டு வேலைக்குப் போனவர்கள், அட்டையில் பெயர் உள்ளவர்களைச் சரிபார்க்கும் கைரேகைப் பதிவுக்காக (இ-கே.ஒய்.சி.) லீவு போட்டு வர வேண்டாம். இருக்கும் ஊரின் ரேஷன் கடையிலேயே முடிக்கலாம். சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக்குவது, பெயர் சேர்ப்பது, நீக்குவது எல்லாவற்றுக்கும் தாலுகாவில் வட்ட வழங்கல் அலுவலரிடம் போகலாம்; பெயர் சேர்க்கவும் நீக்கவும் tnpds.gov.in இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை குறைதீர் முகாம் நடக்கும். அசல் அட்டை, வீட்டில் எல்லோருடைய ஆதார் நகல், பதிவு செய்த செல்போன் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள், ஓ.டி.பி. வரும் போன் வீட்டில் கிடந்தால் அன்றைய நாள் வீண்.