யூட்டில் (பிக்கப் வண்டியில்) தண்ணீர் டேங்க் மாட்டக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் சிம்சன் பாலைவனத்தை ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடிவிடுவார்கள். திறக்கும் நாள் நெருங்கினால் அடிலெய்டில் ஒர்க்ஷாப்களுக்கு நல்ல வியாபாரம். அப்படி ஒரு இடத்தில்தான் எங்கள் டொயோட்டா ஹைலக்ஸ் யூட்டுக்கு அடியில் தொங்கும் தண்ணீர் டேங்க் பொருத்தினோம். கடையின் பெயரை இங்கே போடவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அவர்கள் செய்த வேலையை மட்டும் சொல்கிறேன். நீங்கள் எங்கே கொடுத்தாலும் இது உதவும்.

நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். மரீ என்ற சிற்றூரிலிருந்து ஊட்னடாட்டா தடம் என்கிற மண்சாலையில் போய், மவுண்ட் டேர் வழியாகப் பாலைவனத்தைக் கடந்து மறுபக்கத்து ஊரான பேர்ட்ஸ்வில் சேர்வதாகத் திட்டம். பாலைவனத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள், கடை எதுவும் கிடையாது. குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டராவது வேண்டும். அதனால்தான் கையில் தூக்கும் ஜெர்ரி கேன்களோடு 60 லிட்டர் டேங்க் ஒன்றும் போட நினைத்தோம்.

எங்கே போகிறோம் என்பதை முதல் நாளே உரிமையாளரிடம் சொன்னேன். "இதெல்லாம் எங்களுக்குத் தினமும் செய்கிற வேலை" என்றார். குடிநீருக்கு ஏற்ற ஹோஸ், உறுதியான இரும்புத் தாங்கி, சைலன்சர் பக்கம் வெப்பத்தடுப்புத் தகடு, 12 வோல்ட் பம்ப் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை சொல்லிப் பணம் வாங்கினார். ஆனால் கையில் கொடுத்த ரசீதில் இருந்தது 'டேங்க் பொருத்தியது' என்ற ஒரே வரியும் மொத்தத் தொகையும்தான்.

மரீயைத் தாண்டியதும் மண்சாலை வரிவரியான மேடுபள்ளமாக ஆரம்பித்துவிடும். கவர்ட் ஸ்பிரிங்ஸில் கூடாரம் போட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது, ரப்பர் வாடை வேறு. சின்னவள் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினாள். மறுநாள் வில்லியம் க்ரீக்குக்குக் கொஞ்சம் முன்னால் அடியில் பெரிய சத்தம். குனிந்து பார்த்தால் டேங்கைத் தாங்கிய பட்டைகளில் ஒன்று அறுந்து, டேங்க் ஒருபக்கமாகச் சாய்ந்து சைலன்சர் குழாயில் உட்கார்ந்திருந்தது. மூலை உருகி ஓட்டை விழுந்து, இருந்த தண்ணீர் முழுவதும் சாலையில் போய்விட்டது. மேலே ஜெர்ரி கேன்கள் இருந்ததால் பிழைத்தோம். இதுவே பாலைவனத்தின் நடுவில் நடந்திருந்தால் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது. பயணத்தை அத்தோடு முடித்துக்கொண்டு கூபர் பீடி போய்த் தார்ச்சாலையில் வீடு திரும்பினோம்.

அப்புறம் வேறொரு மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். அவர் காட்டியதையெல்லாம் படம் எடுத்து வைத்திருக்கிறேன். உறுதியான தாங்கி என்று சொன்ன இடத்தில், வீட்டுக் குழாய்களைத் தொங்கவிடப் பயன்படும் துளைபோட்ட மெல்லிய தகரப் பட்டை. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, ஆக 60 கிலோவும் டேங்கின் எடையும் அந்தப் பட்டையில்தான் ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே அலையைத் தடுக்கும் தடுப்பும் கிடையாது. பாதி நிறைந்த டேங்கில் தண்ணீர் முன்னும் பின்னும் அடிக்கிற அடி பட்டையைத்தான் போய்ச் சேரும். ஹோஸ் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற சாதாரண ஹோஸ். டேங்குக்குள் காற்று போய்வரும் காற்றுப்போக்கிக் குழாயை மேலே கொண்டுபோகாமல் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே வெட்டி விட்டிருந்தார்கள். பம்ப் தண்ணீரை இழுக்க இழுக்க, சக்கரம் கிளப்பும் புழுதி அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. வெப்பத்தடுப்புத் தகடு மாட்டியதற்கான அடையாளமே இல்லை. இந்த டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி தன் கரியை எரிக்கும்போது அதற்குள் வெப்பம் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும், பாலித்தீன் டேங்க் எப்படித் தாங்கும்? எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வந்தது சேஸ்ஸியைப் பார்த்தபோதுதான். ஏற்கெனவே துளைகள் இருக்க, அடி விளிம்பில் புதிதாகத் துளை போட்டிருக்கிறார்கள். வண்டியின் முதுகெலும்பில் கைவைக்க யார் இவர்களுக்கு அனுமதி கொடுத்தது?

உரிமையாளரிடம் கேட்டால், "மோசமான ரோட்டில் ஓட்டினால் உத்தரவாதம் கிடையாது" என்கிறார். ரசீதின் பின்பக்கத்திலும் அப்படி அச்சடித்திருக்கிறது. பயப்படாதீர்கள், அந்த வரியால் உங்கள் உரிமை போய்விடாது. 2011-லிருந்து நடைமுறையில் உள்ள ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும். எதற்காக வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்தால் அதற்குப் பொருத்தமாகவும் இருக்க வேண்டும். இதை எந்த ரசீதும் அழிக்க முடியாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் நுகர்வோர் வணிகச் சேவைத் துறையில் புகார் கொடுக்கலாம், இரு தரப்பிடமும் பேசிப் பார்ப்பார்கள். நானும் அங்கேதான் கொடுத்திருக்கிறேன். சரிவராவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு தொகை வழக்குக்குப் போவேன்.

வேலைக்குக் கொடுக்கும்போதே டேங்க், ஹோஸ், தாங்கி, போல்ட் ஒவ்வொன்றும் எந்த வகை, எங்கே மாட்டப்படும் என்று எழுதி வாங்குங்கள். டேங்கும் ஹோஸும் குடிநீருக்கான ஆஸ்திரேலிய-நியூசிலாந்துத் தரமான ஏஎஸ்/என்இசட்எஸ் 4020-இன்படி சோதிக்கப்பட்டவையா என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் தயங்காமல் காட்டுவார். பணம் கட்டுவதற்கு முன் வண்டியைத் தூக்கச் சொல்லி, டேங்கை நிரப்பி, கீழே நின்று பாருங்கள். குடும்பம், சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய பிறகு எடைமேடைக்கும் ஒருமுறை போய்வாருங்கள், அனுமதித்த மொத்த எடையைத் தாண்டினால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரலாம்.

அடிலெய்டின் வடக்குப் பக்கம் அண்மையில் யாராவது இப்படி டேங்க் மாட்டியிருந்தால், தயவுசெய்து இந்த வாரமே வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். துளைபோட்ட தகரப் பட்டை கண்ணில் பட்டால் தண்ணீரை வடித்துவிட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். என் புகாரின் எண்ணைத் தருகிறேன், நீங்களும் சேர்ந்து கொடுக்கலாம்.