ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே டைம்லாப்ஸ் கேமரா: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: கேமராவைவிட, அதை மாட்டும் கம்பத்துக்கு அதிகம் செலவு செய்யுங்கள்.

ஸ்வீடனின் வடகோடியில் அபிஸ்கோ பக்கம், மலை பிர்ச் மரக்காடு முடிந்து மரமில்லாத தூந்திரா தொடங்கும் சரிவில், குறித்த நேரங்களில் தானாகப் படமெடுக்கும் டைம்லாப்ஸ் கேமராக்களை வைத்துப் பருவமாற்றத்தைப் பார்த்து வருகிறேன். வேட்டைக்காரர்கள் மரத்தில் கட்டுகிற சாதாரண ரகம்தான். அசைவைக் கண்டு படமெடுக்கும் வசதியை அணைத்துவிட்டு, நடுப்பகலை ஒட்டிச் சில படங்கள் மட்டும் எடுக்கும்படி வைத்திருக்கிறேன்.

செயற்கைக்கோள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறையாவது, 10 மீட்டர் நுணுக்கத்தில் படம் தருகின்றன. ஆனால் வடக்கே வசந்தம் அவசரக்காரன். பனி உருகி இலை விரிவதற்குள் மேகம் வானத்தை மூடிக்கொண்டால், நமக்கு வேண்டிய நாட்களே விட்டுப்போகும். கேமரா மேகத்துக்குக் கீழே நிற்கிறது, அவ்வளவுதான் அதன் ரகசியம். வடகிழக்கு கிரீன்லாந்தின் சாக்கன்பெர்க் ஆய்வு நிலையத்தில் 1990களின் இறுதியிலிருந்தே பனிப்பரப்பைக் கேமரா வைத்துக் கண்காணித்து வருகிறார்கள்.

சரி, கம்பத்துக்கு வருவோம். இங்கே மண் உறையும்போது உப்பி, உருகும்போது அமுங்கும். நட்ட கம்பம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கொஞ்சம் மேலே ஏறி, கொஞ்சம் சாயும். படத்தில் பிர்ச் கிளை இருந்த இடத்தில் அடுத்த ஆண்டு வானம் வந்து உட்கார்ந்திருக்கும். பாறையில் துளையிட்டு போல்ட் இறக்குவது ஒன்றே நிம்மதி. பாறை கிடைக்காத இடத்தில், அசையாத ஒரு பெரிய கல்லோ தொலைவு மலைமுகடோ சட்டகத்துக்குள் வரும்படி வையுங்கள். பின்னால் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த அது கைகொடுக்கும். ரெய்ண்டீர் மான்கள் வந்து உடம்பைத் தேய்த்துவிட்டுப் போவதற்கு மட்டும் என்னிடம் மருந்து கிடையாது.

பேட்டரியில் சிக்கனம் வேண்டாம். சாதாரண அல்கலைன் பேட்டரி குளிரில் படுத்துவிடும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் லித்தியம் ஏஏ பேட்டரி மைனஸ் 40 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். சூரியத்தகடு நல்ல யோசனையாகத் தோன்றும். ஆனால் டிசம்பரில் சூரியனே எழாத ஊரில் அது என்ன செய்யும்? போதாக்குறைக்கு, ரீசார்ஜ் செய்யும் லித்தியம்-அயான் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் அது பாழாகும்.

என் பெரிய குறை ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்துக்கு ஏற்ப கேமரா நிறங்களைச் சரிசெய்யும் அமைப்பு. மலிவான கேமராக்கள் பலவற்றில் அதை நிலையாக வைக்க வழியே இல்லை. இலை பச்சையாகும்போது கேமரா தன் புத்திசாலித்தனத்தைக் காட்டி நிறத்தைத் 'திருத்தி' விடுகிறது. நமக்கு வேண்டியதே அந்த நிறமாற்றம்தானே! கேமரா வைத்துச் செடிகளின் பருவமாற்றத்தைக் கவனிக்கும், அமெரிக்காவில் தொடங்கிய ஃபீனோகேம் வலையமைப்பில் இதை ஆரம்பத்திலேயே நிலையாக வைத்துவிடச் சொல்கிறார்கள். முடியாதவர்கள் சட்டகத்தின் ஓரத்தில் ஒரு சாம்பல் நிறத் தகட்டைப் பொருத்தலாம். முழுத் தீர்வு இல்லை, ஆனால் நிறம் எப்போது வழுக்கியது என்று தெரியும்.

பச்சைமையை அளக்கும் கணக்கு எளிது: படத்தில் பச்சை நிறத்தின் மதிப்பை, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். சாம்பல் நிறமும் பனியின் வெள்ளையும் 0.33 அருகே நிற்கும். இலை வர வர எண் ஏறும். ஆனால் அந்த எண்ணின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இளம் இலைதான் கேமராவின் கண்ணுக்கு மிகப் பச்சை. முற்றி அடர்நிறமானதும் எண் இறங்கத் தொடங்கும், மரத்தில் இலை குறையாமலே. ஊசியிலைக் காடுகளில் புது இலை வராமலே வசந்தத்தில் எண் ஏறும். அங்கே மாறுவது ஊசிகளுக்குள் இருக்கும் நிறமிகள்.

இதைவிட வேடிக்கை, அந்துப்பூச்சி ஆண்டுகள். ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை இந்தப் பிர்ச் காடுகளில் அந்துப்பூச்சியின் புழுக்கள் பெருகி இலைகளைத் தின்று தீர்க்கும். எண்ணை மட்டும் பார்ப்பவர் கோடையின் நடுவிலேயே இலையுதிர்காலம் வந்துவிட்டது என்பார். படத்தைத் திறந்தால் மஞ்சளே இல்லை, பழுப்பான மொட்டைக் கிளைகள். அதற்கப்புறம் சில மரங்கள் மறுபடி துளிர்ப்பதையும் அதே கேமரா காட்டும். இதற்காகவே எல்லாப் படங்களையும் வைத்திருக்கிறேன். கணக்கு முடிந்ததும் அழிக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்பதில்லை.

எனக்கு அதிகம் பயன்பட்டது பச்சைமைகூட இல்லை, பனி விலகும் தேதி. ஒரே சரிவில் மேடு முதலில் கறுக்கும், பள்ளத்தில் பனி வாரக்கணக்கில் கிடக்கும். செடிகளின் நாட்காட்டி அதைப் பொறுத்தே ஓடுகிறது. இதற்கு நிறக் கணக்கோ நல்ல லென்ஸோ தேவையில்லை, வெள்ளையா இல்லையா என்று தெரிந்தால் போதும்.

சில்லறை விஷயங்கள்: கடிகாரத்தைக் கோடை நேரத்துக்கு மாற்றாதீர்கள், ஆண்டு முழுவதும் ஒரே நேரம். லென்ஸ் வடக்கு பார்க்கட்டும், நடுப்பகலில் வெயில் நேராக விழாது. நள்ளிரவுச் சூரியன் அந்தத் திசையில் வரும்போது நாம் படமெடுக்கப் போவதில்லை. கையில் ஒரே கேமராதான் என்றால் மேடும் பள்ளமும் சேர்ந்து தெரியும் இடத்தில் வையுங்கள். அழகான காட்சிக்காக ஏரியை நோக்கித் திருப்பாதீர்கள்.