சவானா நகரின் டிராலி சுற்றுலா: டிக்கெட் விலைக்குத் தகுமா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவிலிருந்து ஏறத்தாழ 250 மைல் தொலைவில், ஐ-16 நெடுஞ்சாலை வந்து முடியும் இடத்தில் இருக்கும் சவானா, ஃபுளோரிடாவுக்குக் காரில் போகும் குடும்பங்கள் ஒரு பகல் தங்கிப் பார்க்கத் தோதான ஊர். அங்கே முதலில் நம்மை அழைப்பது டிராலி. தண்டவாளம் எதுவும் கிடையாது. பழைய டிராம் வண்டியைப் போல உடல் கட்டிய பேருந்துதான். வேண்டிய நிறுத்தத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஊரின் அமைப்பு பிடிபட ஒரு முழுச் சுற்று பயன்படும். அதற்கு மேல் நாள் முழுவதும் அதையே நம்பியிருப்பது வீண் என்பதே என் கருத்து.

காரணம் இந்த நகரின் திட்டத்திலேயே இருக்கிறது. 1733இல் ஜேம்ஸ் ஓகல்தார்ப் இதை நிறுவியபோது, ஒவ்வொரு குடியிருப்புத் தொகுதியின் நடுவிலும் ஒரு சதுக்கம் விட்டு மனை பிரித்தார். பின்னர் 24 ஆகப் பெருகிய அச்சதுக்கங்களில் 22 இன்றும் இருக்கின்றன. வண்டிகள் ஒவ்வொரு சதுக்கத்தையும் சுற்றித்தான் போக வேண்டும். நடப்பவரோ ஓக் மர நிழலில் நடுவே புகுந்து நேராகப் போய்விடலாம். புல் தெருவில் ஜான்சன், ரைட், சிப்பெவா, மேடிசன், மான்டரே என ஐந்து சதுக்கங்களைக் கடந்து, 1858இல் நிறுவப்பட்ட நீரூற்று இருக்கும் ஃபார்சைத் பூங்காவை அடைய ஒரு மைல் அளவே நடக்க வேண்டியிருக்கும்.

நாங்கள் ஏறிய வண்டியில் ஓட்டுநரே வழிகாட்டி. நகைச்சுவையாகப் பேசினார் என்பது உண்மை. ஆனால் பின்வரிசையில் ஒலிபெருக்கி கரகரத்ததால் பாதி காதில் விழவில்லை, விழுந்த பாதியிலும் பேய்க்கதைகளே மிகுதி. ரைட் சதுக்கத்தில் ரயில்வே நிறுவனத் தலைவர் கார்டனின் நினைவுச்சின்னத்தைக் காட்டியவர், அதே சதுக்கத்தின் மூலையிலிருக்கும் கரடுமுரடான கருங்கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஓகல்தார்ப்புக்கு இடம் கொடுத்து உதவிய யமக்ரா இனத் தலைவர் டோமோசிசியை அடக்கம் செய்தது இந்தச் சதுக்கத்தில்தான். அவர் கல்லறை மேட்டை அகற்றிவிட்டு 1883இல் கார்டனுக்குச் சின்னம் எழுப்பினார்கள். 1899இல்தான் டோமோசிசியின் நினைவாக அந்தக் கல் வைக்கப்பட்டது. இறங்கி நடந்தால்தான் கண்ணில் படும். நண்பகலில் அடுத்த வண்டிக்காக வெயிலில் நீண்ட நேரம் நிற்க நேர்ந்ததும் எரிச்சல்தான்.

காசு கொடுத்து உள்ளே போக வேண்டிய இடம் எது என்றால், தயங்காமல் ஓவன்ஸ்-தாமஸ் இல்லத்தைச் சொல்வேன். வில்லியம் ஜே என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1819இல் கட்டி முடிக்கப்பட்ட மாளிகை அது. மாடியில் படிக்கட்டின் இருபுறத்தையும் இணைக்கும் சிறு பாலமும், மழைநீர்த் தொட்டிகளிலிருந்து குழாய் வழியே அறைகளுக்கு நீர் வந்த ஏற்பாடும் அக்காலத்துக்குப் பெரிய ஆடம்பரம். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது பின்கட்டில் அடிமைகள் வாழ்ந்த பகுதிதான். உத்தரங்களிலும் கூரையின் அடிப்பலகைகளிலும் திட்டுத்திட்டாக இன்னும் ஒட்டியிருக்கும் வெளிர்நீலப் பூச்சு, தீய ஆவிகளை விலக்கும் என்ற நம்பிக்கையோடு அங்கிருந்தவர்கள் பூசியது. சீமாட்டிகளின் பீங்கானைப் பற்றி மட்டும் பேசி அனுப்பிவிடாமல், அவ்வீட்டில் உழைத்தவர்களின் பெயர்களையும் வேலைகளையும் வழிகாட்டிகள் விரிவாகச் சொல்கிறார்கள். அதே டிக்கெட்டில், இந்த இல்லத்தை நடத்தும் டெல்ஃபேர் அருங்காட்சியகத்தின் மற்ற இரு கட்டடங்களையும் பார்க்கலாம் என்பது கூடுதல் லாபம்.

நேரம் இருந்தால் முதல் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் தேவாலயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் தரைப்பலகைகளில் கோலப்புள்ளிகள் போல ஒழுங்காகத் துளைகள் இருக்கின்றன. தப்பி வந்த அடிமைகள் கீழே ஒளிந்திருந்தபோது மூச்சுவிட அமைத்தவை அவை என்பது அச்சபையார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

பே தெருவிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கும் பழைய கற்படிகள் செங்குத்தானவை. உங்கள் பொறுப்பில் இறங்குங்கள் என்ற அறிவிப்பும் அங்கே உண்டு. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்து வந்தவர்கள் சரிவுப்பாதை வழியாகவோ லிஃப்டிலோ இறங்குவது நல்லது. அவர்களுக்காகத்தான் டிராலி எடுக்கிறீர்கள் என்றால், ஒரு சுற்று முடிந்ததும் நகர மையத்தில் ஓடும் ‘டாட்’ என்ற இலவசப் பேருந்துக்கு மாறிக்கொள்ளலாம். ஆற்றைக் கடக்கும் படகுக்கும் கட்டணம் இல்லை.