சாகாமல் இருக்க என்ன விலை? இரண்டு கிரையோனிக்ஸ் நிறுவனங்கள்

செத்ததும் உடலை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போட்டு வைத்து, என்றைக்காவது மருத்துவம் வளர்ந்தால் எழுப்பிவிடலாம் என்று விற்கிறார்களே, அந்தக் கிரையோனிக்ஸுக்கு ரிவ்யூ எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. 1967 ஜனவரியில் உறைய வைக்கப்பட்ட ஜேம்ஸ் பெட்ஃபோர்டில் தொடங்கி இன்றுவரை ஒருவரும் எழுந்து வரவில்லை. அதனால் நான் பார்த்தது விலையையும் நிபந்தனைகளையும் மட்டும்தான்.

அமெரிக்காவில் பேர்போனவை இரண்டு. அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் இருக்கும் ஆல்கோர் முழு உடலுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் கேட்கிறது, தலை மட்டும் போதும் என்றால் 80,000. மிச்சிகனில் ராபர்ட் எட்டிங்கரும் மற்றவர்களும் 1976ல் ஆரம்பித்த கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட் முழு உடலையே 28,000க்கு வைத்துக்கொள்ளும். பலரும் ஆயுள் காப்பீடு எடுத்து நிறுவனத்தின் பெயருக்கே எழுதி வைத்துவிடுகிறார்கள் என்பதால் இளவயதில் சேர்ந்தால் மாதச் செலவு ஒன்றும் பெரிதில்லை. ஆல்கோரில் உடலைத் தலைகீழாகத்தான் நிறுத்தி வைக்கிறார்கள், நைட்ரஜன் குறைந்தாலும் தலை கடைசியில்தான் உருகும் என்ற கணக்கு. கெட்டிக்காரர்கள்தான்.

சரி, பிழைக்க எவ்வளவு வாய்ப்பு? உடனே குளிர்விக்க வேண்டும், மூளை சிதையாமல் இருக்க வேண்டும், நிறுவனம் திவாலாகக் கூடாது, தொழில்நுட்பம் வர வேண்டும், வந்தபின் நம்மை எழுப்ப யாருக்காவது மனசு வர வேண்டும். ஐந்துக்கும் ஆளுக்கு 80 சதவீதம் கொடுத்தால் மொத்தம் 33, ஐம்பது ஐம்பது என்று போட்டால் 3 சதவீதம்தான். இதில் எந்த எண்ணுக்கும் ஆதாரம் கிடையாது, அவரவர் மனநிலைதான் விடையைத் தீர்மானிக்கிறது. வாய்ப்பு துளியாக இருந்தாலும் கிடைக்கப்போவது முடிவில்லாத ஆயுள், ஆகவே பணம் கட்டுவதே புத்திசாலித்தனம் என்பார்கள் ஆதரவாளர்கள். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஸ்கல், கடவுள் இருக்க வாய்ப்பு துளியானாலும் நம்புவதே லாபம் என்று போட்ட பந்தயம்தான் இது. அப்படிப் பார்த்தால் சாகாவரம் தருகிறேன் என்று நாளைக்கு வாசலில் வந்து நிற்கும் சாமியாருக்கும் இதே கணக்கில் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த முதல் நிபந்தனை, உடனே குளிர்விப்பது. அறிவியல் எப்போது வளரும் என்பது நம் கையில் இல்லை, ஆனால் எங்கே வாழ்கிறோம், எப்படிச் சாகிறோம் என்பதில் கொஞ்சமாவது இருக்கிறது. சாலை விபத்தில் போனால் பிரேதப் பரிசோதனை வரும், மணிக்கணக்கில் தாமதமாகும், மூளை அவ்வளவுதான். தூக்கத்தில் தனியாகப் போனாலும் அதே கதி. மருத்துவமனையில், முன்கூட்டியே தெரிந்து, மெல்லச் சாகிறவருக்குத்தான் இந்தச் சேவை ஓரளவுக்காவது பொருந்தும். ஆல்கோர் கட்டணத்தில் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து காத்திருக்கும் குழுவும் அடக்கம், மிச்சிகனில் அதற்குத் தனியாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். விலை வித்தியாசத்துக்கு இது ஒரு பெரிய காரணம், என்னைக் கேட்டால் நியாயமான காரணமும்கூட. சென்னையிலோ கொழும்பிலோ இருந்துகொண்டு சேர்ந்தால் அந்த ஐந்தில் முதல் எண்ணைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

நிறுவனம் நிலைக்குமா என்ற கேள்விக்குக் கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தைப் பாருங்கள். அங்கே கல்லறை நிலவறையில் இப்படி உறைய வைத்திருந்த உடல்கள் பராமரிக்கப் பணமில்லாமல் உருகி அழுகிப்போனது 1979ல் வெளியே வந்தது. இப்போதுள்ள இருவரும் அதற்கென்று நிதி ஒதுக்குகிறார்கள், அந்த அளவுக்குத் தேறியிருக்கிறார்கள்.

சேர்ந்தே தீருவேன் என்பவர் அமெரிக்காவிலேயே இருப்பவர், காப்பீட்டுப் பணம் வீட்டில் யாருக்கும் தேவைப்படாது என்றால் ஆல்கோரில் முழு உடலுக்குக் கட்டலாம், கடைசிக் காலத்தில் ஸ்காட்ஸ்டேல் பக்கம் வீடு பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் படிக்கிறார்கள், வீட்டுக்கடன் ஓடுகிறது என்பவர்கள் அதே பிரீமியத்தை நாமினியில் மனைவி பெயரைப் போட்டுக் கட்டுங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு, அதில் ஒன்று அந்தத் தலைகீழ் ஐடியாவுக்கு.