தேக்குப் பலகையா, எஞ்சினியர்டு வுட்டா: சென்னைப் படுக்கையறைக்கு எது தாங்கும்?

செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்கைத் தூணுக்கும் உத்தரத்துக்கும் கதவுக்கும் கொட்டியவர்கள், தரைக்கு மட்டும் ஆத்தங்குடிக் கல்லையும் பளிங்கையும் பதித்தார்கள். பணம் போதாமல் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். நம் ஊரில் தரை என்பது தண்ணீர் படும் இடம். அடுக்குமாடி வீட்டின் படுக்கையறைக்கு மரத்தரை போட நினைப்பவர்களும் விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் இந்தத் தண்ணீர்க் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். என் ஓட்டு, மேலே மட்டும் நிஜ மரமும் அடியில் ஒட்டிய அடுக்குகளும் உள்ள எஞ்சினியர்டு வுட்டுக்கு.

மூன்றாவதாகக் கடையில் காட்டும் லேமினேட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மர நாரை அழுத்திச் செய்த 8 மி.மீ. எச்.டி.எஃப். பலகையின் மேல் மர வரி அச்சிட்ட தாள், அவ்வளவுதான். ஒரே நாளில் கிளிக் போட்டு மாட்டிவிடலாம். இணைப்பில் தண்ணீர் நின்றால் ஓரம் உப்பும், உப்பினது இறங்காது. தேய்த்துப் புதுப்பிக்கவும் வழியில்லை. வாடகை வீட்டுக்குப் போதும்.

நிஜப் போட்டி முழுக்க ஒரே மரத்தில் அறுத்த சாலிட் பலகைக்கும் எஞ்சினியர்டுக்கும்தான். அதைத் தீர்மானிப்பது மரத்துக்குள் இருக்கும் ஈரம். குளிர்நாட்டு வீடுகளுக்கென்று சூளையில் உலர்த்திய ஓக் பலகை 6 முதல் 9 சதவீத ஈரத்தோடு பெட்டியில் வரும். காற்றின் ஈரப்பதம் 70, 75 சதவீதம் இருக்கும் சென்னையில் அதே பலகை 13, 14 சதவீதம் வரை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் 1 சதவீதம் ஏறினால் சாதாரணமாக அறுத்த ஓக், அகலவாக்கில் ஏறக்குறைய 0.37 சதவீதம் விரியும். தேக்கு அதில் பாதிதான், 0.19. கேட்கச் சின்ன எண்கள். 10 அடி அகல அறையில் 5 சதவீத ஈரம் ஏறட்டும்: தடையில்லாமல் விரிந்தால் ஓக் 56 மி.மீ. கேட்கும், தேக்கு 29. சுவரோரம் நாம் விடுவது இருபக்கமும் 12, 12 மி.மீ. மிச்சம் எங்கே போகும்? முதலில் ஒவ்வொரு பலகையும் ஓரம் தூக்கி நடுவில் குழியும். அப்புறம் வரிசையே கூடாரம் போல எழும்பும்.

ஆகவே சாலிட் போட்டே தீருவேன் என்பவர்கள் ஓக்கை விட்டுவிட்டுத் தேக்கு எடுக்கலாம். அதிலும் வைரம் பாய்ந்த பகுதி மட்டும்; வெள்ளைப் பகுதி கரையானுக்குத் தீனி. 10க்கு 12 அறைக்கு 1 அங்குலக் கனத்தில் அறுத்தாலே 10 கன அடி. பக்கத்துப் பலகையின் பள்ளத்தில் நுழையும் நாக்குக்கும் ஓர இழைப்புக்கும் போவதைச் சேர்த்தால் 12, 13 கன அடி வாங்க வேண்டும். கான்கிரீட்டில் நேராக ஆணி இறங்காது. எனவே 200 மைக்ரான் பாலித்தீன் விரித்து, அதன்மேல் 18 மி.மீ. பிளைவுட் முடுக்கி, பலகையின் நாக்கு வழியாக 45 டிகிரி சாய்வில் 8 முதல் 10 அங்குலத்துக்கு ஓர் ஆணி. இழைத்த பிறகு பலகை 20 மி.மீ. நிற்கும், மொத்தத்தில் தரை 38 மி.மீ. உயரும். கதவை அடியில் அறுக்காமல் சாத்த முடியாது, பால்கனி வாசலில் ஒரு படி முளைக்கும். அடுக்குமாடியில் இது பெரிய தலைவலி.

எஞ்சினியர்டில் மேலே 2 முதல் 4 மி.மீ. நிஜ மரம், அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகள். ஓர் அடுக்கு விரியப் பார்க்கும் திசையில் அடுத்த அடுக்கு இழுத்துப் பிடிக்கும். மேல் மரம் ஓக்காக இருந்தாலும் அடங்கி நிற்பது அதனால்தான். வாங்கும்போது பலகையின் வெட்டு முகத்தைப் பாருங்கள்: அடுக்குகளுக்கு இடையே ஓட்டை தெரிந்தால் வேண்டாம். ஒரு துண்டை 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு, அடுக்கு பிரிகிறதா என்றும் பார்த்துவிடலாம்.

மேல் மரம் 0.6 மி.மீ. என்றால் அதை லேமினேட்டின் பணக்கார உறவாகவே கருதவும். ஒருமுறைகூடத் தேய்க்க முடியாது. 2 மி.மீ. ஒருமுறை தாங்கும், 4 மி.மீ. இரண்டு மூன்று முறை. இந்த இடத்தில் சாலிட்தான் ஜெயிக்கிறது: 20 மி.மீ. பலகையில் நாக்குக்கு மேலே 6 மி.மீ. இருக்கும், ஐந்தாறு முறை தேய்க்கலாம். மணல் கால் பதிக்காத படுக்கையறையில் அத்தனை முறை தேவைப்படுமா என்பது சந்தேகம்தான்.

எஞ்சினியர்டைத் தரையில் பசை போட்டு ஒட்டும் வேலையில் தவறு நடப்பது பெரும்பாலும் மூன்று இடங்களில். தரை காய்ந்ததா என்று பார்க்காமல் தொடங்குவது முதல் தவறு. ஒன்றரை அடி சதுரப் பாலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் உரித்துப் பாருங்கள். உள்ளே முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ சிமென்ட் கறுத்திருந்தாலோ வேலையைத் தள்ளிப்போட வேண்டும். அடுத்தது பசை. வழக்கமான வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது, அதை மரம் குடித்துவிடும். பாலியூரித்தேன் பசையைப் பல் வைத்த கரண்டியால் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ இழுக்க வேண்டும். 120 சதுர அடிக்கு 11, 12 கிலோ. மூன்றாவது, சுவரோர இடைவெளியை அழகுக்காகச் சிமென்ட் வைத்து அடைப்பது. சுவரடியில் வைக்கும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும், ஆனால் அதன் ஆணி சுவரில்தான் இறங்க வேண்டும், பலகையில் அல்ல. பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டலாம். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, 'டொக்' என்று வெற்றொலி வருவதைப் பெயர்த்துப் பூசிவிட்டு, மற்றவற்றின் வழவழப்பைத் தேய்த்து எடுக்க வேண்டும்.

இவ்வளவும் மாடி வீட்டுக்கு. கடலோரத் தரைத்தளத்துக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டிலும் எஞ்சினியர்டு கொஞ்சம் அசையும். தினமும் வாளித் தண்ணீரில் மாப் போட்டால்தான் மனசு ஆறும் என்பவர்கள், மர வரி போட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் பக்கம் போய்விடலாம்.