போலீஸ் ரேடியோவுக்குப் பூட்டு: எந்த நகரத்தின் வழி தேவலை?

அமெரிக்காவில் போலீஸ் ரேடியோப் பேச்சைக் கேட்க ஸ்கேனர் கருவி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. எந்தப் பேச்சு எங்கே போக வேண்டும் என்று ரேடியோக்களுக்குச் சொல்லும் கண்ட்ரோல் சேனல் திறந்தே கிடக்கும். எந்த டாக்குரூப்பில் (ஒரு பிரிவினர் சேர்ந்து பேசும் குழு) எந்த எண்ணுள்ள ரேடியோ பேசுகிறது என்பது திரையில் ஓடும். குரல் மட்டும் வராது, அதைக் குறியாக்கம் செய்து பூட்டியிருப்பார்கள். ஏஇஎஸ்-256 என்ற அந்த வலுவான குறியாக்கத்தை உடைப்பது நடக்கிற காரியமில்லை, சட்டமும் விடாது. ஆகவே நகர நிர்வாகம் எதை விட்டுவைக்கிறதோ அதுதான் நம் காதுக்கு.

டென்வர் 2019-இல் மொத்தமாகப் பூட்டியது. 2021-இல் வந்த கொலராடோ சட்டம், முழுக்கப் பூட்டும் காவல்துறைகள் ஊடகங்களுக்காவது ஒரு வழி வகுக்க வேண்டும் என்றது. பொழுதுபோக்காகக் கேட்பவருக்கு அதில் இடமில்லை.

சிகாகோ அரை மணி நேரம் தாமதித்து இணையத்தில் ஒலிபரப்புகிறது. பால்டிமோர் 15 நிமிடம். 2020 போராட்டங்களின்போது சிகாகோ போலீஸ் அலைவரிசையில் வெளியாட்கள் புகுந்து குறுக்கிட்டது உண்மை, அந்தக் கவலை நியாயமானது. ஆனால் பக்கத்துத் தெருவில் துப்பாக்கிச் சூடு நடக்கும்போது, அரை மணி கழித்து வரும் தகவலை வைத்து என்ன செய்வது? பதிவு சேகரிப்பவருக்கு வேண்டுமானால் போதும்.

எனக்குப் பிடித்தது கலிஃபோர்னியாவிலுள்ள பாலோ ஆல்டோ நகரத்தின் வழி. ஓட்டுநர் உரிம எண் போன்ற தனிநபர் விவரங்கள் காற்றில் போகக் கூடாது என்று கலிஃபோர்னியா நீதித்துறை 2020 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டது. அதுவே இரண்டு வழியும் காட்டியது: ஒன்று, பூட்டலாம்; இல்லையென்றால், அந்த விவரங்களைக் காக்க ஒரு நடைமுறை வகுக்கலாம். பாலோ ஆல்டோ 2021 ஜனவரியில் முதலாவதை எடுத்தது. 2022 செப்டம்பரில் பூட்டைத் திறந்துவிட்டது. மாறியது பேசும் முறைதான். ஒருவரின் முழு விவரத்தைச் சரிபார்க்க வேண்டுமா, வண்டியிலுள்ள கணினியிலோ செல்பேசியிலோ பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் திறந்த சேனலில். மாநில நெடுஞ்சாலை ரோந்துப் படை குறியாக்கம் இல்லாமலேயே சமாளித்து வந்ததும் இப்படித்தான்.

அதிரடிப் படையின் சேனலையும் திறக்கச் சொல்லவில்லை. உள்ளே ஆயுதத்தோடு இருப்பவனும் கேட்பான். அது பூட்டியே இருக்கட்டும், அன்றாட அழைப்புகள் திறந்திருக்கட்டும்.

நியூயார்க் 2023 ஜூலையில் புரூக்ளினில் தொடங்கிய குறியாக்க மாற்றம் சுமார் 39 கோடி டாலர் திட்டம். இவ்வளவு பெரிய தொகைக்கு ஒப்பந்தம் போடும் முன்பே நகர சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி: பாலோ ஆல்டோ செய்ததை நம்மால் ஏன் செய்ய முடியாது?